கிராப்பும் அந்த 75 மில்லியனும்: மாப்ளைக்கு ஒரு லெட்டர்

மாப்ள,

உன்ற லெட்டர் வந்து பத்து நாளாச்சு, பதில் போட லேட்டாயிடுச்சு, கோவிச்சுக்காத. முட்டி வலி திரும்ப வந்துருச்சுடா, பிசியோ போயிட்டு இருக்கேன், பாஸ்கெட்பால் தொட்டு ஆறு மாசம் ஆச்சு. இப்ப கிரவுண்டுக்கு போனா வெளிய சிமெண்ட் திட்டுல உக்காந்துட்டு பசங்கள பாத்து "பாஸ் போடுடா, பாஸ் போடுடா" ன்னு கத்தறேன். நாம ஆடறப்ப டிவிஎஸ் 50 ல வந்து நிப்பாட்டிட்டு நம்மள திட்டிட்டே இருப்பாரே ஒருத்தர், ஞாபகம் இருக்கா, அவரு போஸ்டிங் இப்ப எனக்கு.

அம்மிணி ஸ்கூல் டீம்ல செலக்ட் ஆனது ரொம்ப சந்தோஷம், அதுவும் பாயிண்ட் கார்டு, பாஸ் போட்டு ஆட்டத்த நடத்தற ஆளுன்னு எழுதியிருக்க, நிச்சயமா அவ அம்மா பக்கத்து மூளைதான். நீ வாழ்க்கைல யாருக்காவது பாஸ் போட்டிருக்கியா?

சரி விஷயத்துக்கு வர்றேன். லெட்டர்ல முக்காவாசி, அமெரிக்க பாஸ்கெட்பால் லீக் என்பிஏ ல உங்க போர்ட்லேண்ட் டீம் காண்ட்ராக்ட் போட்ட ஜெராமி கிராண்ட்ட திட்டியே தீத்திருக்க. 5 வருஷத்துக்கு 160 மில்லியன் டாலர், இவனுகளுக்கு கணக்கே தெரியாதாடான்னு கேட்டிருக்க. நீ போர்ட்லேண்ட் போயி இத்தன வருஷமாச்சு, அந்த ஊர் டீம் பிளேசர்ஸ் ஜெர்சி போட்டுட்டு திரியற, நீயே இப்படி கேட்டா எப்படி மாப்ள. கணக்கு அவனுகளுக்கு நல்லாவே தெரியும், அதுல தப்பு எங்க வருதுன்னா கை நழுவிப் போயிருமோங்கற பயத்துல கணக்கு போடறாங்க பாரு, அங்க. கிராண்ட் மேட்டர்லயே பாரேன், 2023 ஜூன் கடைசில அந்த டீல் பேசி முடிக்கறாங்க, எதுக்கு, டீமோட ஸ்டார் லில்லார்ட் மனசு கோணாம இருக்கணும்னு, பக்கத்துல நல்ல ஆளு இருந்தா அவன் போகமாட்டான்னு. ஆனா மறுநாளே லில்லார்ட் என்னைய டிரேட் பண்ணி வேற டீமுக்கு விடுங்கன்னு கேட்டுட்டான். மாப்பிள்ள ஓடிப் போயிட்டான், மண்டபத்து அட்வான்ஸ் மட்டும் 160 மில்லியன்.

ஆனா எனக்கு கிராண்ட விட 2016 தான் எப்பவும் மனசுல நிக்கும். அந்த சம்மர் நாம ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் போன்ல பேசுனோமே. 2014 அக்டோபர்ல டிவி காண்ட்ராக்ட் 9 வருஷத்துக்கு 24 பில்லியன்னு போட்டாங்கல்ல, அந்த பணம் 2016 ல உள்ள வந்து விழுந்தப்ப சேலரி கேப், அதாவது ஒரு டீம் பிளேயர்ஸ் சம்பளத்துக்கு இருக்கற லிமிட், 70 மில்லியன்ல இருந்து ஒரே தாவுல 94 க்கு போச்சு. கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக்கலாமேன்னு லீக் சொன்னத பிளேயர்ஸ் யூனியன் வேண்டாம்னுட்டாங்க. விளைவு, கிட்டத்தட்ட எல்லா டீம் கைலயும் ஒரே நேரத்துல காசு. ஊர்ல எல்லாருக்கும் ஒரே நாள்ல லாட்டரி விழுந்தா கடைல இருக்கற சரக்கு எச்சா ஆகுமா, வெலதான் ஏறும். மார்க்கெட்ல நல்ல பிளேயர் எத்தன பேர், கேவின் டுரான்ட் ஒருத்தன், இன்னும் நாலஞ்சு பேர், அவ்ளோதான். மிச்ச காசெல்லாம் எங்க போச்சுன்னா லேக்கர்ஸ் டீம் மோஸ்காவுக்கு 4 வருஷம் 64 மில்லியன், டெங்குக்கு 4 வருஷம் 72, நியூயார்க் ஜோக்கிம் நோவாவுக்கு 72, மெம்பிஸ் சான்ட்லர் பார்சன்ஸ்க்கு 94. பார்சன்ஸ் முட்டி என்ற முட்டி மாதிரிதான்னு ஊருக்கே தெரியும், மெம்பிஸ்ல மூணு சீசன்ல 95 கேம் ஆடினான். சீசன் ஒன்னுக்கு 82 கேம்னு நீயே கணக்கு போட்டுக்க.

உங்க ஊர்ல என்ன பண்ணாங்க? ஈவன் டர்னர் 4 வருஷம் 70. மேயர்ஸ் லெனர்ட் 4 வருஷம் 41. ஹார்க்லெஸ் 4 வருஷம் 40. எசிலின்னு ஒரு சென்டர எடுத்தாங்க, முட்டி கெட்டுப்போயி உங்க ஜெர்சில ஒரு கேம் கூட ஆடல. இதெல்லாம் விடு, என்னோட ஃபேவரிட் ஆலன் கிராப் கதைதான், எத்தன தடவ சொன்னாலும் அலுக்காது, இன்னொரு தடவ கேளு.

கிராப் 2013 டிராஃப்ட்ல, அதாவது புதுப் பசங்கள டீமுங்க வரிசையா எடுக்கறப்ப, 31 ஆவதா வந்த பையன். ஷூட்டிங் நல்லா இருக்கும், அமைதியான ஆளு, பெஞ்ச்ல இருந்து வந்து தூரத்துல இருந்து மூணு பாயிண்ட் ஷாட், அந்த த்ரீ போட்டுட்டு போயிருவான். ரெஸ்ட்ரிக்டட் ஃப்ரீ ஏஜென்ட், அதாவது வேற டீம் ஒரு வெல சொன்னா அதே வெலய குடுத்து நாம ஆள வெச்சுக்கலாம். புரூக்ளின் டீம் 4 வருஷம் 75 மில்லியன்னு எழுதி நீட்டுச்சு. வேணும்னே ஏத்தி சொல்றதுதான், சாதாரண வெல சொன்னா பழைய டீம் கண்ண மூடிட்டு மேட்ச் பண்ணிருமே, அதனால மூச்சு முட்டற மாதிரி சொன்னாத்தான் விடுவாங்க. போர்ட்லேண்ட் விடல, மேட்ச் பண்ணிட்டாங்க. பெஞ்ச் பிளேயருக்கு வருஷம் 18 மில்லியனுக்கு மேல.

ஏன் பண்ணாங்கங்கறதுதான் மேட்டரே. இந்த கேப் ரூல்ல ஒரு கூத்து இருக்கு, லிமிட்ட தாண்டியும் உன்ற சொந்த ஆள நீ வெச்சுக்கலாம், ஆனா வெளி ஆள அந்த வெலைக்கு வாங்க முடியாது. லிமிட்டுக்குள்ள இருந்த எடத்துல டர்னர வாங்கியாச்சு. இப்ப கிராப்ப விட்டா அந்த 18 மில்லியன் மிச்சமாகி கைல வரப்போறதில்ல, அதே காசுல இன்னொருத்தன் கெடைக்கவும் மாட்டான், சும்மா ஒரு பிளேயர் போவான், அவ்ளோதான். அப்ப டீமுக்கு ஆள் எடுக்கற ஜிஎம் சீட்ல உக்காந்திருக்கறவன் என்ன நெனப்பான், ஓனர் பால் ஆலன்கிட்ட இல்லாத காசா, போனா சும்மா போறான், வெச்சா பொறகு டிரேடாவது பண்ணலாம்னு. நானா இருந்தாலும் கையெழுத்து போட்டிருப்பேன்னு வெய்யி. இன்னொன்னு, அடுத்த வருஷமும் கேப் இதே மாதிரி ஏறும்னு அப்ப எல்லாரும் நம்புனாங்க, 2017 ல 107, 108 போகும்னு ஒரு கணிப்பு இருந்துச்சு, ஏறுனா இன்னிக்கு எச்சா தெரியற வெல நாளைக்கு சல்லிசா தெரியும். வந்தது 99 தான்.

நான் போட்டிருப்பேன்னு சும்மா சொல்லல, போட்டிருக்கேன். உன்கிட்ட சொன்னேனான்னு ஞாபகம் இல்ல, எங்க கம்பெனில டிசைன்ல ஒரு பையன் இருந்தான், பம்ப் டிராயிங் நல்லா போடுவான், தங்கமான பையன். வேற ஒரு எடத்துல இருந்து ஆஃபர் லெட்டர் கொண்டாந்து டேபிள்ல வெச்சான், நம்ம சம்பளத்த விட முக்கா மடங்கு எச்சா. முதலாளி என்னைய பாத்தாரு, விட்டா ஆறு மாசம் ஆள் தேடணும் குடுத்துருங்கன்னு சொன்னது நாந்தான். பையன் மேல ஒரு குத்தமும் இல்ல, முன்னாடி எப்படி வேல செஞ்சானோ அப்படியேதான் செஞ்சான். ஆனா அதுக்கப்பறம் மத்தவங்க வரிசையா வந்து நின்னாங்க பாரு, எங்களுக்கென்ன கொறச்சல்னு. எட்டு மாசம் கழிச்சு ஃபவுண்டரிக்கு ஒரு நல்ல ஆளு தானா தேடி வந்தாரு, அவருக்கு குடுக்க பட்ஜெட் இல்ல. அந்த ஆள விட்டதுதான் இன்னிக்கும் எனக்கு உறுத்துது, பையனுக்கு குடுத்த காசுகூட இல்ல.

அங்கயும் அதேதான் மாப்ள. காசு போச்சேன்னு நீ பொலம்பற, அப்ப ஓனரா இருந்த பால் ஆலனுக்கு அதெல்லாம் கடலை மிட்டாய் காசு. உண்மையான நஷ்டம் கதவு சாத்திக்கறது. என்பிஏ காண்ட்ராக்ட் பெரும்பாலும் முழு கேரன்டி, ஆடினாலும் ஆடாட்டியும் குடுத்தே ஆகணும், கணக்குலயும் நிக்கும். லில்லார்டும் இன்னொரு ஸ்டார் மக்கல்லமும் உச்சத்துல இருந்த வருஷங்கள்ல உங்களுக்கு ஒரு நல்ல ஃபார்வர்ட் வேணும்னு தெருவுல போறவனுக்கே தெரியும், ஆனா வாங்க எடம் இல்ல. டர்னர் பாவம், கைல பால் இருந்தாத்தான் பிரயோஜனம், ஏற்கனவே பால் வெச்சு ஆடற ரெண்டு பேர் இருக்கற டீம்ல த்ரீ போடத் தெரியாத ஆள 70 மில்லியனுக்கு வாங்குனா என்ன பண்றது. ஒரே சமையக்கட்டுல மூணு மாமியார். (2019 பிளேஆஃப் தொடர்ல டென்வர்ல கடைசி மேட்ச், அந்த கேம் 7 ல 14 பாயிண்ட் போட்டு காப்பாத்தினான், அத நான் மறக்கல, நீ அன்னிக்கு போன்ல அழுததும் மறக்கல.)

சரி கிராப்ப என்ன பண்ணாங்க? ஒரே வருஷம், 2017 ஜூலைல டிரேட். யாருக்கு? புரூக்ளினுக்கே! எந்தக் கடைல அந்த வெல போட்டாங்களோ அங்கயே திரும்ப போச்சு. சம்பளம் ஒரு கோட்ட தாண்டுனா கட்டற அபராதம் இருக்கே லக்சரி டேக்ஸ், அதுல தப்பிக்கறதுக்கு வேற வழி இல்ல. பதிலுக்கு வந்தவன் ஆண்ட்ரூ நிக்கல்சன், அவனும் 2016 ல வாஷிங்டன்ல 4 வருஷம் 26 மில்லியன் வாங்குனவன். வந்த வேகத்துல அவன வெட்டி விட்டுட்டு மிச்ச காச இழுத்து கட்டறதுக்கு வழி பண்ணாங்க. அந்த ஸ்ட்ரெச் ரூல் எப்படின்னா மிச்சம் இருக்கற வருஷத்த ரெண்டு மடங்காக்கி அதுக்கு மேல ஒன்னு, மூணு வருஷம் மிச்சம், அப்ப ஏழு வருஷம். வருஷம் 2.8 மில்லியன் வாக்குல, 2024 வரைக்கும். நம்ம ஊர்ல டிவி ரிப்பேராகி பரண்ல ஏறுனதுக்கு அப்பறமும் இஎம்ஐ ஓடும்ல, அந்த மாதிரி. அந்த மனுஷன் பிளேசர்ஸ்க்கு ஒரு நிமிஷம் ஆடல, சைனா லீக்ல போயி ஆடிட்டிருந்தான், உங்க கணக்கு புக்ல மட்டும் ஏழு சீசன் உக்காந்திருந்தான்.

கதை இன்னும் முடியல. புரூக்ளினுக்கு 2019 ல டுரான்ட்டும் கைரி இர்விங்கும்னு ரெண்டு ஸ்டார் வர்றாங்க, எடம் வேணும், கிராப் சம்பளம் அடைச்சுட்டு நிக்குது. அட்லாண்டாவுக்கு ரெண்டு ஃபர்ஸ்ட் ரவுண்ட் பிக், அதாவது டிராஃப்ட்ல ஆள் எடுக்கற உரிமை, சேத்து குடுத்து அவன தள்ளி விட்டாங்க. ஆக இவனுகதான் வெல ஏத்தினாங்க, இவனுகதான் வாங்குனாங்க, கடைசில வரதட்சணை வேற குடுத்து அனுப்பி வெச்சாங்க. நீங்க அதே 2019 ல டர்னர குடுத்து பேஸ்மோர வாங்குனீங்க, அவனும் 2016 ல 4 வருஷம் 70. லெனர்ட்ட குடுத்த டிரேட்ல வந்த வைட்சைடு, 2016 ல 4 வருஷம் 98. பழைய ஈயப்பாத்திரத்த குடுத்து பழைய ஈயப்பாத்திரம் வாங்கற வியாபாரம்! லீக் முழுக்க மூணு நாலு வருஷம் இதே பாத்திரம்தான் சுத்திட்டிருந்துச்சு.

எல்லா பெரிய காண்ட்ராக்ட்டும் தப்புன்னு நான் சொல்ல வரல. அதே சம்மர்ல மைக் கான்லிக்கு மெம்பிஸ் 5 வருஷம் 153 குடுத்தப்ப நாம ரெண்டு பேரும் சிரிச்சோம், அப்ப அதுதான் என்பிஏ வரலாத்துலயே பெருசு, ஆனா அவன் ஆட வேண்டியத ஆடினான். டாப் பிளேயருக்கு மேக்ஸ்னு ஒரு உச்சவரம்பு இருக்கறதால அவனுக்கு எவ்ளோ குடுத்தாலும் கம்மிதான். அடிவாங்கறது எப்பவும் நடுத்தட்டுல, சுமாரா நல்லா ஆடறவனுக்கு ஸ்டார் வெல குடுக்கறப்ப. பத்து டீம் ஒருத்தன எட போடுது, ஒன்பது பேர் 10, 12 ங்கறான், ஒருத்தன் மட்டும் 18 ங்கறான், பிளேயர் அவன்கிட்டதான போவான். ஏலத்துல ஜெயிச்சவன்தான் அந்த எடத்துலயே பெரிய தப்புக் கணக்கு போட்டவன். கோயில் ஏலத்துல எலுமிச்சம்பழம் எடுத்தவனுக்காவது சாமி கைல இருக்கும், இவனுக்கு என்ன இருக்கு.

இப்ப லீக்கும் பிளேயர்ஸ் யூனியனும் போட்ட 2023 அக்ரிமெண்ட்டுக்கு அப்பறம் இன்னும் மோசம், செகண்ட் ஏப்ரன்னு டீம் சம்பளத்துக்கு ஒரு கோடு போட்டுட்டாங்க, அத தாண்டுனா ரெண்டு பேர் சம்பளத்த சேத்து ஒருத்தன டிரேட்ல வாங்க முடியாது, பிக்கையும் ஃப்ரீஸ் பண்ணிருவாங்க. முன்னாடி பணக்கார ஓனர் அபராதம் கட்டிட்டு போயிட்டே இருப்பான், இப்ப கையையே கட்டிப் போடறாங்க.

உன்ற லில்லார்ட் சமாச்சாரமும் இதுல வந்து சேருது பாரு. 2022 ல அவனுக்கு அந்த கடைசி ரெண்டு வருஷ எக்ஸ்டென்ஷன், 120 மில்லியனுக்கு மேல, போட்டது உங்க டீம். 2023 ல மில்வாக்கி போனான், 2025 பிளேஆஃப்ல குதிகால் தசைநார் அந்துபோச்சு, மில்வாக்கி மிச்சம் 113 மில்லியன ஸ்ட்ரெச் பண்ணி 5 வருஷத்துக்கு வருஷம் 22 சொச்சம் சுமக்கறாங்க, அவன் என்னடான்னா 3 வருஷம் 42 மில்லியனுக்கு உங்க வீட்டுக்கே திரும்பி வந்துட்டான். மொய் எழுதுனது நீங்க, கட்டறது மில்வாக்கி, சாப்பாடு உங்க வீட்டுல. நிக்கல்சனுக்கு ஏழு வருஷம் அழுததுக்கு இப்ப சரியாப் போச்சுன்னு வெச்சுக்க, கிராண்ட்ட கொஞ்ச நாளைக்கு திட்டாத.

ஜனவரில வர்றேன்னு எழுதியிருக்க, நெசமா வர்றியா இல்ல போன தடவ மாதிரி கடைசில கழட்டி விட்டுருவியா. வந்தா அம்மிணியையும் கூட்டிட்டு வா, நம்ம கிரவுண்டுல ரிங் மாத்திட்டாங்க, பழசு வலது பக்கம் சாஞ்சிருக்கும்ல, அது இப்ப நேரா இருக்கு, அதனால எனக்கு ஒரு பாலும் விழறதில்ல. முட்டிக்கு போடற அந்த நீலக்கலர் பேட், போன தடவ கொண்டு வந்தியே, அதே மாதிரி ஒரு ஜோடி வாங்கிட்டு வா, காசு இங்க வந்ததும் தர்றேன். பேரம் பேசி வாங்கு.

தங்கச்சிய கேட்டதா சொல்லு.

உன்ற,
நெட்டையன்