செல்பேசி பைக்குள்ளேயே இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

திருப்பூர், கோவையிலிருந்து தொழில் விஷயமாக ஐரோப்பா போகிறவர்கள் அப்படியே குரோவேஷியத் தீவுகளையும் பார்த்து வருகிறார்கள். அங்கே 'எஃப்கேகே' (FKK) என்ற பலகை இருந்தால், அது ஆடையின்றிக் குளிக்கும் கரை. ராப் தீவில் 1930களிலிருந்தே இது வழக்கம். வெறுமனே வேடிக்கை பார்க்க உள்ளே நுழைவது அநாகரிகம். செல்பேசியைக் கையில் எடுத்தாலே படம் பிடிப்பதாகத்தான் நினைப்பார்கள். நாற்காலியோ பலகையோ, எதில் உட்கார்ந்தாலும் முதலில் துண்டை விரிக்க வேண்டும். அடுத்து உட்காருபவர் மேல் வியர்வை ஒட்டக்கூடாது அல்லவா? நம்ம சென்னிமலைத் துண்டே போதும், சீக்கிரம் காயும். உணவகத்துக்குப் போகும்போது உடுத்திக்கொள்வதே மரியாதை. வெயிலே படாத தோல் விரைவில் வெந்துவிடும்; சன்ஸ்கிரீனை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும், குளித்தெழுந்ததும் மறுபடியும் பூச வேண்டும்.

ஆனால் மாலத்தீவு, தாய்லாந்து, கோவாவில் ஆடையின்றிக் குளிப்பது சட்டவிரோதம். மாலத்தீவில் மக்கள் வாழும் தீவுகளில் நீச்சலுடைக்கே தனிக்கரை ஒதுக்கியிருக்கிறார்கள். குழுவாக அழைத்துப்போகும் பயண ஏற்பாட்டாளர்கள் இந்த வித்தியாசத்தைக் கிளம்பும் முன்பே சொல்லிவிட வேண்டும். 'தமிழ் யாருக்குப் புரியப்போகிறது' என்று குளிப்பவர்களைக் கேலி பேசுவதும் வேண்டாம். சிரிப்பிலேயே அவர்களுக்குப் புரிந்துவிடும்.

- வாசகர், திருப்பூர்