ஏழும் ரெண்டும், ஒரு 'அய்யோ'வும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த போக்கர் கட்டுரை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகும் 'ஃபோல்டு' ஒரே வரியில் முடிந்துவிட்டது. வாரம் ஒரு ராத்திரி நாங்கள் ஆறு பேர் டெக்சாஸ் ஹோல்டெம் (ஆளுக்கு இரண்டு சீட்டு கையில், ஐந்து நடுவில் பொதுவாக) ஆடுகிறோம். பணம் இல்லை, தீக்குச்சிதான். ஆனாலும் சண்டைக்குக் குறைவில்லை. அதில் பாதி சண்டை, சீட்டை ஒழுங்காகப் போடத் தெரியாததால் வருவது.

போன வாரம் என் பக்கத்தில் இருந்தவருக்கு வந்தது ஏழும் ரெண்டும். ஒன்று ஸ்பேடு, மற்றது டைமன். ஹோல்டெமில் இதைவிட மட்டமான தொடக்கம் இல்லை என்பார்கள். கவிழ்த்துத் தள்ளிவிட்டார், சரி. அப்புறம் நடுவில் விழுந்த மூன்று சீட்டு: ஏழு, ஏழு, ரெண்டு. மனுஷன் "அய்யோ!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். சீட்டுக்கட்டில் மொத்தமே நாலு ஏழுதான். இரண்டு மேசையில் கிடக்கிறது, ஒன்று இவர் போட்டது என்று மேசைக்கே புரிந்துவிட்டது. ஏழு வைத்திருப்பதுபோல் குச்சிகளை ஏற்றிக்கொண்டிருந்த ஒருவரின் நாடகம் அங்கேயே கலைந்தது. எதிரில் இருந்தவர் தயங்காமல் தொடர்ந்து, நடுவில் குவிந்திருந்த குச்சிகளை அள்ளினார். விலகினவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அது வேறு ஆட்டம்.

முறை வருமுன்பே சீட்டை எறிவதும் இதே தப்புதான். எனக்கு முன்னால் யோசித்துக்கொண்டிருப்பவருக்கு, பின்னால் ஒரு ஆள் குறைந்தது இலவசமாகத் தெரிந்துவிடுகிறது. எழுந்து போகும் அவசரத்தில் நானும் செய்து, வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். யாரும் பந்தயம் கட்டாதபோது விலகுகிறவர்களைப் பற்றி என்ன சொல்ல? 'செக்' (இப்போதைக்குக் கட்டவில்லை) என்று ஒரு வார்த்தை சொன்னால், பின்னால் யாரும் கட்டாதவரை அடுத்த சீட்டைச் சும்மாவே பார்க்கலாமே!

இன்னொன்று. ஐந்து சீட்டு டிரா ஆட்டத்தில் சீட்டு மாற்றுவதையும் ஃபோல்டையும் கட்டுரை ஒன்றாக்கிவிட்டது. அங்கே போடுவது புதிது வாங்கத்தான். எத்தனை போடுகிறீர்கள் என்பதை எல்லோரும் எண்ணுவார்கள். மூன்று என்றால் கையில் ஒரு ஜோடி என்று ஊகம். அதனால் ஜோடியோடு ஒரு ஏஸையும் வைத்துக்கொண்டு இரண்டை மட்டும் மாற்றுவேன். எதிராளி மூன்று ஒரே சீட்டு இருப்பதாக நினைக்கட்டும். கை தேறும் வாய்ப்பு சுமார் 29 சதவீதத்திலிருந்து 26க்கு இறங்கும், அவ்வளவுதான். ஒரே இனத்தில் ஐந்து சேர்க்க, நாலு ஸ்பேடை வைத்துக்கொண்டு ஐந்தாவதுக்கு ஏங்குவதோ, பார்க்காத 47 சீட்டில் 9ஐத் தேடுவது.

அடுத்த இணைப்பில் இதையும் கொஞ்சம் விரிவாக எழுதச் சொல்லுங்கள். வெட்டி எடுத்து அந்த 'அய்யோ' நண்பருக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்