வேலை செய்த இடத்தின் புகைப்படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இன்னும் கடைக்கு வராத கைபேசி ஒன்றின் படங்கள் இணையத்தில் கசிந்துவிட்ட செய்தியைச் சென்ற வாரம் உங்கள் நாளிதழில் படித்தேன். வெளிநாட்டுத் தொழிற்சாலை ஊழியர் யாராவது அவற்றை வெளியிட்டிருக்கலாம் என்று அதில் ஒரு வரி இருந்தது. உயர்நிலை 2 படிக்கும் என் பேரனும் அதையேதான் சொன்னான். “பாட்டி, இதெல்லாம் பாக்டரிக்காரங்க காசுக்கு விக்கிறது” என்றான். நானும் பாக்டரிக்காரிதான் என்பது அவனுக்குச் சட்டென்று நினைவுக்கு வரவில்லை. பிறகு நினைவு வந்து, “உங்க பாக்டரி போட்டோ இருந்தா காட்டுங்க, ஸ்கூல் புராஜெக்டுக்கு வேணும்” என்று கேட்டான்.

அலமாரியைக் குடைந்தேன். 24 ஆண்டுகள் வேலை செய்த இடத்தின் படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

1979ல், என் 18 வயதில், சிங்கப்பூரின் அங் மோ கியோவில் ஒரு மின்னணு ஆலையில் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். முதலில் ரேடியோவுக்கான சர்க்யூட் போர்டு, பிறகு ஹார்ட் டிஸ்க். அந்தக் காலத்தில் எங்கள் புளோக்கில் மட்டும் ஏழெட்டுப் பெண்கள் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருப்போம். அமெரிக்க நிறுவனங்களான நேஷனல் செமிகண்டக்டர் 1968லும் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1969லும் இங்கே ஆலை தொடங்கின. 1981ல் ஆப்பிள் எங்கள் அங் மோ கியோவுக்கே வந்தது. அடுத்த ஆண்டு ஹார்ட் டிஸ்க் செய்யும் சீகேட் சிங்கப்பூருக்கு வந்தது. 1990களில் உலகத்து ஹார்ட் டிஸ்க்குகளில் பாதிக்கு நெருக்கமானவை இந்தச் சின்னத் தீவில் தயாராயின. இதைப் பேரனிடம் சொன்னபோது அவன் நம்பாமல் கைபேசியில் தேடிப் பார்த்துக்கொண்டான்.

என் வேலை மைக்ராஸ்கோப்பில். ஹார்ட் டிஸ்க்கில் படிக்கவும் எழுதவும் பயன்படும் ‘ஹெட்’ என்ற பாகம் எள்ளைப்போலச் சிறியது. அதிலிருந்து வரும் கம்பி தலைமுடியைவிட மெல்லியது. ட்வீசரால் அந்தக் கம்பியைப் பிடித்து, கோணாமல் படிய வைத்துப் பற்றவைக்க வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு செய்வோம். ஹார்ட் டிஸ்க்குக்குள் இருக்கும் தட்டு சுழலும்போது ஹெட்டுக்கும் தட்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி ஒரு தலைமுடியின் தடிமனைவிட நூறு மடங்குக்கும் மேல் குறைவு. ஒரு துளி பவுடர் விழுந்தாலும் அந்த டிஸ்க் போச்சு. ஆகவே கிளீன் ரூம் என்ற தூசியில்லாத அறைக்குள் போகுமுன் பவுடர், மை, திருநீறு எதுவும் இருக்கக்கூடாது. ஒவ்வொரு நைட் ஷிப்டுக்கும் கழிவறைக் கண்ணாடி முன் நின்று பொட்டைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே போவேன். கல்யாணமான புதிதில் அது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். உள்ளே பார்த்ததை வெளியே பேசக்கூடாது, கேமரா கொண்டுவரக்கூடாது. பக்கத்தில் இருந்த தோழிக்கு ஆங்கிலம் படிக்க வராது. லைன் லீடர் விரலால் காட்டிய இடத்தில் அவர் தம் பெயரை எழுதினார். நாங்கள் செய்யும் பொருளின் பெயர் எங்களுக்குத் தெரியாது, ஓர் எண் மட்டும்தான். எந்தக் கணினிக்குள் போகிறது, யார் வாங்குகிறார்கள், என்ன விலை, எதுவும் தெரியாது. என் கணவர் துறைமுகத்தில் வேலை செய்தார். சாப்பிடும்போது எந்தக் கப்பல் வந்தது, எந்தக் கொள்கலன் சாய்ந்தது என்று கதை கதையாகச் சொல்வார். “நீ என்ன செஞ்சே?” என்று கேட்டால், “லைன் ஓடுச்சு” என்பேன். அவ்வளவுதான் என் கதை.

1985ல் நடந்ததைச் சொல்ல வேண்டும். எழுதக் கூச்சமாக இருந்தாலும் எழுதுகிறேன். புது மாடலின் சாம்பிள் ஹெட்டுகள் 20, ஒரு தட்டில் எங்கள் லைனுக்கு வந்தன. காலை 7 மணிக்கு ஷிப்ட் முடிந்து எண்ணியபோது 19தான் இருந்தன. எங்கள் 14 பேரையும் நிறுத்திவிட்டார்கள். லாக்கரைத் திறந்து கொட்டினார்கள். டிபன் கேரியரை அடுக்கடுக்காகப் பிரித்தார்கள். கொண்டையை அவிழ்க்கச் சொல்லி, பெண் காவலர் முடிக்குள் விரல் விட்டுத் துழாவினார். எனக்கு அப்போது வீட்டில் ஐந்து மாதக் கைக்குழந்தை. ஏழரைக்கு வீட்டுக்குப் போய்ப் பால் கொடுப்பது வழக்கம். எட்டு மணி ஆயிற்று, ஒன்பது ஆயிற்று. மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டு, ரவிக்கையெல்லாம் நனைந்துவிட்டது. பக்கத்தில் இருந்த மலாய்க்கார அக்கா தன் துடுங்கை, அதாவது தலையை மூடும் துணியை, அவிழ்த்து என் மேல் போர்த்திவிட்டார். அவர் தன் தலையை எப்போதும் மூடியே வைத்திருப்பவர் என்பதை நினைத்தால் இன்றும் எனக்குக் கண் கலங்குகிறது.

பத்து மணிக்கு விஷயம் தெரிந்தது. அளந்து பார்ப்பதற்காகப் பொறியாளர் ஒருவர் ஒரு ஹெட்டை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப் போயிருக்கிறார், பதிவேட்டில் எழுதவில்லை. சூப்பர்வைசர் எங்களுக்கு ஆளுக்கொரு பாக்கெட் மைலோ கொடுத்து, பஸ் போய்விட்டதால் டாக்சிக்குக் காசும் கொடுத்தார். மன்னிப்பு என்ற சொல்லை யாரும் சொல்லவில்லை. அந்தப் பொறியாளரை யாரும் சோதிக்கவும் இல்லை.

ரகசியமே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. 1983ல் அமெரிக்காவில் ஆஸ்போர்ன் என்ற கணினி நிறுவனம், புது மாடல் தயாராகும் முன்பே அதைப் பற்றிப் பேசிவிட்டது. மக்கள் பழைய மாடலை வாங்குவதை நிறுத்தினார்கள், அதே ஆண்டு அந்த நிறுவனம் திவாலானது. அது அழிந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு என்பார்கள். ஆனாலும் இங்கே மின்னணுப் பொருள் விற்கும் சிம் லிம் சதுக்கத்தில் கடை வைத்திருப்பவரைக் கேட்டால் தெரியும், புது மாடல் பேச்சு கிளம்பிய மறுநாளே பழைய சரக்கு தூங்கிவிடும். நிறுவனத்தின் பிழைப்பும் அதை நம்பிய எங்கள் பிழைப்பும் ரகசியத்தில் இருந்தன. அதனால்தான் வாயைக் கட்டிக்கொண்டோம்.

ஆனால் கசிவு என்றாலே லைனில் நிற்கும் பெண்ணைக் காட்டுவது நியாயம் இல்லை. தொழிலாளர் யாருமே எதையும் எடுத்ததில்லை என்று நான் சாதிக்க மாட்டேன். எடுத்தவர்களும் உண்டு. ஆனால் வாசல்கள் பல. கைபேசி உறை செய்பவர்களுக்கு முன்கூட்டியே அளவு வேண்டும், அதற்காகவே அவர்கள் அலைகிறார்கள். அமெரிக்காவில் விற்கும் கருவிக்கு எஃப்சிசி என்ற அரசாங்கத் தொலைத்தொடர்பு அமைப்பின் ஒப்புதல் தேவை, அந்த ஆவணங்களிலிருந்தே எத்தனையோ செய்திகள் வெளிவந்திருக்கின்றன. 2010ல் ஆப்பிளின் கலிஃபோர்னியா அலுவலக மேலாளர் ஒருவர் கைதானார். ஆசிய விநியோக நிறுவனங்களிடம் காசு வாங்கிக்கொண்டு ரகசியத் தகவல் கொடுத்ததாக வழக்கு, அடுத்த ஆண்டு அவரே குற்றத்தை ஒப்புக்கொண்டார். காசு கொடுத்தவர்கள் பட்டியலில் சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றும் இருந்தது. அவரிடம் இருந்தவை விலை, அளவு, எவ்வளவு வாங்கப் போகிறார்கள் என்ற கணக்கு. இதில் ஒன்றாவது லைனில் நின்ற எங்களுக்குத் தெரிந்திருக்குமா?

2009 ஜூலையில் சீனாவின் ஷென்ஜென் நகரில், ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த 25 வயது இளைஞர் மாடியிலிருந்து குதித்து இறந்தார். அவர் பொறுப்பில் இருந்த 16 மாதிரி ஐபோன்களில் ஒன்று காணாமல் போயிருந்தது. காவலர்கள் தன்னிடம் முரட்டுத்தனமாக நடந்துகொண்டதாக நண்பர்களுக்குச் செய்தி அனுப்பியிருந்தார். ஒரு வருடம்கூட ஆகவில்லை, 2010 மார்ச்சில் கலிஃபோர்னியாவில் ஆப்பிள் பொறியாளர் ஒருவர் இன்னும் வெளிவராத ஐபோனை மதுக்கடையில் மறந்துவிட்டுப் போனார். அது 5,000 அமெரிக்க டாலருக்கு இணையத்தளம் ஒன்றிடம் போய், உலகமே பார்த்தது. அந்தப் பொறியாளர் தொடர்ந்து அங்கேயே வேலை பார்த்ததாகச் செய்திகள் வந்தன. அது நல்லதுதான். மறதி எல்லாருக்கும் வரும், அதற்காக ஒருவர் பிழைப்பைக் கெடுக்கக் கூடாது. அந்த மனசு ஷென்ஜென் பிள்ளைக்கும் கிடைத்திருக்க வேண்டும்.

ஊரில் என் ஒன்றுவிட்ட தம்பியின் மகள் டிப்ளமா முடித்துவிட்டு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஓர் ஆலையில் வேலை செய்கிறாள். விடுதியில் தங்கியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப்பில் பேசுவாள். “என்னம்மா செய்யுற வேலை?” என்று ஒரு நாள் கேட்டேன். “லைன்ல நிக்கிறேன் அத்தை. அதுக்கு மேல கேக்காதீங்க” என்றாள். நாற்பது வருடத்துக்கு முன்னால் நான் என் கணவரிடம் சொன்ன அதே பதில். போனைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் எனக்குப் பேச்சே வரவில்லை.

அதே ஸ்ரீபெரும்புதூரில் 2006ல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பர் முதல் தேதி உற்பத்தியை நிறுத்தியது. இப்போது அந்த ஊர்ப் பக்கம் ஐபோன்கள் தயாராகின்றன. 2021 டிசம்பரில், ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில் சாப்பாடு கெட்டுப்போய் 250க்கும் மேற்பட்டவர்கள் நோயுற்றார்கள். மருத்துவமனைக்குப் போன தோழிகளின் நிலைமை தெரியாமல், இறந்துவிட்டார்கள் என்ற வதந்தி பரவியது. பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். உயிரிழப்பு எதுவும் இல்லை. ஆனாலும் அவர்கள் ஏன் வதந்தியை நம்பினார்கள் என்று எனக்குப் புரிகிறது. எதையும் கேட்காதே, எதையும் சொல்லாதே என்று பழக்கப்பட்ட இடத்தில், கூடப் படுத்த தோழி உயிரோடு இருக்கிறாளா என்று கேட்டால் யார் பதில் சொல்வார்கள்?

எங்களுக்கும் அப்படி ஒன்று நடந்தது. 2003ல் தாய்லாந்திலிருந்து 12 பெண்கள் பயிற்சிக்கு வந்தார்கள். புது லைன் வரப்போகிறது, சொல்லிக்கொடுங்கள் என்றார்கள். ஆறு வாரம் அவர்களோடு ஒரே மைக்ராஸ்கோப்பில் மாறி மாறி உட்கார்ந்தேன். கம்பி கோணாமல் இருக்க மணிக்கட்டை எந்த இடத்தில் ஊன்ற வேண்டும் என்று, எந்தக் கையேட்டிலும் இல்லாததையெல்லாம் காட்டிக்கொடுத்தேன். நல்ல பிள்ளைகள். புறப்படும்போது என் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். மூன்று மாதம் கழித்து எங்கள் லைனை மூடினார்கள், மேசைகள் தாய்லாந்துக்குப் போயின. மேலே எல்லாருக்கும் முன்பே தெரியும். 2009ல் சீகேட் தன் அங் மோ கியோ ஆலையை மூடப்போவதாக அறிவித்து ஏறக்குறைய 2,000 பேருக்கு வேலை போகிறது என்று செய்தி வந்த அன்று, அங்கே வேலை இழக்கப்போகும் பெண்களை நினைத்து இரவெல்லாம் தூங்கவில்லை. பொருளைப் பற்றிய ரகசியத்தை நாங்கள் காத்தோம். எங்கள் வாழ்க்கையைப் பற்றிய ரகசியத்தை எங்களிடமிருந்தே மறைத்தார்கள். இதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ஆசிரியர் அவர்களே, சமூக மன்றத்துக்குப் போகும் வழியில் மின்னணுக் கழிவு போடும் பெட்டி ஒன்று இருக்கிறது. 2021 ஜூலையில் புதிய மறுசுழற்சித் திட்டம் வந்த பிறகு வைத்தது. சென்ற மாதம் ஒருவர் பழைய ஹார்ட் டிஸ்க் இரண்டை அதில் போட்டுக்கொண்டிருந்தார். “சற்றுப் பார்க்கலாமா?” என்று கேட்டு வாங்கிப் பார்த்தேன். அதில் ஒன்று எங்கள் மாடலைப் போலவே இருந்தது. எவருக்கும் வேண்டாத அந்தப் பொருளுக்காகத்தான் அன்று முடியை அவிழ்த்துக் காட்டினேன்.

குப்பைக்குப் போய்விட்ட பொருளின் ரகசியத்துக்கும் ஒரு காலக்கெடு வேண்டாமா? இங்கே ஆலை நடத்திய நிறுவனங்களிடம் பயிற்சிக்காக எடுத்த படங்களும் பழைய லைன் படங்களும் நிச்சயம் இருக்கும். அவற்றைத் தேசிய ஆவணக் காப்பகத்துக்குக் கொடுக்கலாம். வாய்மொழி வரலாற்றுப் பிரிவு 1979ல், நான் வேலைக்குச் சேர்ந்த அதே ஆண்டில் தொடங்கியதாகப் படித்தேன். அங்கே போய்ப் பேசினால் பழைய கையெழுத்தைக் காட்டி யாரும் மிரட்ட மாட்டார்கள் என்று அந்த நிறுவனங்கள் எழுத்தில் சொல்ல வேண்டும். என் தோழிகளில் சிலர் இன்னும் பயப்படுகிறார்கள். 70 வயதான ஒருவர், “வேணாம்டி, பென்ஷன் பணம் எதையாவது பிடிச்சிக்குவாங்க” என்றார். பிடிக்க எதுவும் இல்லை என்று நான் சொன்னாலும் நம்பவில்லை.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். அடுத்த முறை கசிவுச் செய்தி போடும்போது, ஆதாரம் இல்லாவிட்டால் தொழிற்சாலை ஊழியர் என்று எழுதாதீர்கள். அதோடு, எங்களைப் போல லைனில் இருந்தவர்கள் எழுதினால் ஞாயிறு மலரில் ஒரு பக்கம் கொடுங்கள். ஜூரோங், தோ பாயோ, காலாங், அங் மோ கியோ என்று எல்லா இடத்திலும் தமிழ்ப் பெண்கள் இருந்தோம்.

பேரனுக்குப் படம் கிடைக்காததால், நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எங்கள் லைனை வரைந்து கொடுத்தேன். காற்று வீசும் கதவு, ஸ்மோக் என்ற மேலங்கியை மாட்டும் கொக்கிகள், 14 மைக்ராஸ்கோப்புகள், சூப்பர்வைசரின் கண்ணாடி அறை. அதன் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். சுவரோரம் மூன்றாவது மேசையில் வட்டமிட்டிருப்பது என் இடம். நான்காவது, துடுங் கொடுத்த அக்காவின் இடம். அவர் இப்போது இல்லை. அவருடைய பிள்ளைகளைக் கேட்டுவிட்டு அவர் பெயரை எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆபரேட்டர்,
அங் மோ கியோ