வண்டன்மேட்டிலிருந்து: முன்பணம் கொடுக்குமுன்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்து எத்தனையோ நாளாயிற்று. காய் எடுப்பு நடக்கும்போது இந்த மலையில் எவனும் பேனாவைத் தொட மாட்டான், தெரிந்ததுதானே. இங்கே எல்லோரும் நலம். மதினிக்கு முழங்கால் வலி குறைந்ததா? பெரியவன் கல்யாணத்தைக் கம்பத்தில் வை, குடும்பத்தோடு வருகிறேன். மதுரையில் வைத்தால் மொய் மட்டும் வரும்.

இனி விஷயம். பென்ஷன் பணத்தை எடுத்து இங்கே இடுக்கி மலையில் புத்தடிப் பக்கம் நாலு ஏக்கர் ஏலக்காய்த் தோட்டத்தை மூன்று வருடக் குத்தகைக்குப் பிடிக்கப் போகிறாய், தரகர் முன்பணம் கேட்டு அவசரப்படுத்துகிறார் என்று எழுதியிருக்கிறாய். பாண்டியிடம் சொன்னேன். "வீட்டு வாசல்ல ஒரு முருங்கைய வச்சுக் காப்பாத்தத் தெரியல, இவனுக்கு ஏலமா?" என்றான். சிரித்துவிட்டு உன் கடிதத்தை மறுபடி படித்தேன், சிரிப்பு போய்விட்டது. ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதே. ஏப்ரலில் அந்தத் தோட்டத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டு அப்புறம் பேசு.

நீ பார்த்தது ஆகஸ்டில். ஆகஸ்டில் இங்கே எந்தத் தோட்டம் அழகாக இல்லை? 2024 கோடையில் வண்டன்மேடு, நெடுங்கண்டம், உடும்பன்சோலைப் பக்கமெல்லாம் ஏலச்செடி கருகிச் சாய்ந்தது. அந்தத் தோட்டங்களும் முந்தைய மழைக்காலத்தில் இதே பச்சையாகத்தான் நின்றன. இந்தச் செடிக்கு வேர் மேலாக்கவே ஓடும். மேல்மண் காய்ந்தால் தட்டை என்கிற தண்டு துவளும், அடியில் வந்த பூச்சரம் சுருங்கும். அந்தச் சரத்தில்தான் அடுத்த சீசன் காய் இருக்கிறது.

உனக்குக் கணக்கு வரும், போட்டுப் பார். பத்தடிக்குப் பத்தடி நட்டிருந்தால் ஏக்கருக்கு ஏறக்குறைய 435 தூர், அதாவது செடிக் குத்து. நாலு ஏக்கருக்கு 1,740. சொட்டுநீரில் ஒரு தூருக்கு நாளைக்கு 4 முதல் 6 லிட்டர் வேண்டும். 5 என்றே வை, நாளொன்றுக்கு 8,700 லிட்டர். படுதா விரித்துத் தண்ணீர் தேக்கும் குளம் நாற்பதடி நீளம், முப்பதடி அகலம், பத்தடி ஆழம் என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். 12,000 கன அடி, அதாவது 3 லட்சத்து 40 ஆயிரம் லிட்டர். கரை சரிவாக இருப்பதையும் வெயிலில் ஆவியாவதையும் கழிக்காமல் பார்த்தால்கூட 39 நாள் தண்ணீர். பிப்ரவரி பாதியில் வால்வைத் திறந்தால் மார்ச் முடியுமுன் தரை தெரிந்துவிடும். ஏப்ரல், மே? போர்வெல் இருக்கிறது என்பார் தரகர். அந்தப் போர் ஏப்ரலில் எத்தனை மணி நேரம் விடாமல் ஓடுகிறது என்று மோட்டார் போடுகிற ஆளைத் தனியாகப் பிடித்துக் கேள். முதலாளி பக்கத்தில் நிற்கக் கூடாது.

அடுத்து நிழல். "நல்ல வெளிச்சமான தோட்டம்" என்று நீ எழுதிய வரிதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. மேலே விழுகிற வெயிலில் பாதிபோல உள்ளே இறங்கினால் போதும் இதற்கு. மரத்தைக் கழித்து வெயிலை விட்டால் இரண்டு வருடம் காய் கூடும். அதைக் காட்டித்தான் குத்தகைக்கு விடுவார்கள். சந்தன வேம்பும் பலாவும் கிளை விரித்து நிற்கின்றனவா, மொட்டையாக நிற்கின்றனவா என்று அண்ணாந்து பார். நிழலைக் கழிப்பது மழைக்கு முன்னால், மே கடைசியில் செய்கிற வேலை. வெட்டுவாய் புதிதாக இருந்து, மரமும் நடுக்கோடையில் மொட்டையாக நின்றால் திரும்பிப் பார்க்காமல் கீழே இறங்கிவிடு.

ஏக்கருக்கு 500 கிலோ என்றாராமே, பச்சைக்காயா, உலர்ந்த காயா? கேட்டாயா? ஐந்து கிலோ பச்சைக்காய் காய்ந்தால் ஒரு கிலோ. பச்சை 500 என்றால் உனக்குக் கிடைப்பது 100. உலர்ந்த காயே 500 என்றால், ஞள்ளானி ரகத்தை நல்ல தண்ணீரும் உரமும் கொடுத்து வைத்திருக்கும் தோட்டத்தில் நடக்கும், இல்லை என்று சொல்லவில்லை. எல்லா வருடமும் நடக்காது. காய் எடுக்கிற ஒவ்வொரு சுற்றிலும் எவ்வளவு எடுத்தார்கள், எந்தத் தேதியில் ஏலச் சந்தையில் விற்கப் பதிவு போட்டார்கள் என்ற சீட்டைக் கேள். சீட்டு இல்லை என்றால் அந்த 500 வெறும் வாய்ப்பேச்சு.

தூர்களை நீயே குனிந்து பார்க்க வேண்டும். குருத்திலைக்குப் பக்கத்து இளம் இலையில், நடு நரம்பிலிருந்து ஓரம்வரை வெளிர்பச்சைக் கீற்றுகள் ஓடினால் அது கட்டே நோய். அசுவினிப் பூச்சி பரப்புவது, மருந்தே கிடையாது. தூரோடு பிடுங்கி அழிப்பது ஒன்றுதான் வழி. பிடுங்கிய இடத்தில் நீ புதுக்கன்று வைத்தால் மூன்றாம் வருடம்தான் ஒழுங்காகக் காய்க்கும். உன் குத்தகையும் அப்போதுதான் முடியும், காய் முதலாளிக்கு! அதனால் நூறு தூருக்கு எத்தனையில் கீற்று என்று எண்ணிவிட்டு விலை பேசு. மழைக்காலத்தில் வருகிற காய் அழுகல் நோய் அவ்வளவு மோசமில்லை. மழைக்கு முன்னால் பழைய சருகையும் காய்ந்த தட்டையையும் எடுத்து, தண்ணீர் தேங்காமல் வடித்து, ஒரு சதவீதப் போர்டோ கலவையைச் சரத்தில் படும்படி அடித்தால் கட்டுக்குள் நிற்கும். ஒரு கிலோ துருசு (மயில்துத்தம்), ஒரு கிலோ சுண்ணாம்பு, நூறு லிட்டர் தண்ணீர். துருசுக் கரைசலைத்தான் சுண்ணாம்புப் பாலில் ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றாதே. இலைப்பேனுக்கு மட்டும் பக்கத்துத் தோட்டக்காரனைப் பார்த்து மாதம் தவறாமல் விஷம் அடிக்காதே. தேனீ வராவிட்டால் காய் பிடிக்காது. அடித்தே ஆக வேண்டும் என்றால் தேனீ மேய்ந்து முடித்தபின் சாயங்காலம் அடி. மருந்து எச்சம் அதிகம் என்று சவூதியில் நம் காயைத் திருப்பிய கதை உனக்குத் தெரியும்தானே.

காயை உலர்த்துகிற ஸ்டோர் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லை நீ. காய் எடுத்த அன்றைக்கே உலர்த்த ஏற்ற வேண்டும். சொந்த ஸ்டோர் இல்லையென்றால் அடுத்தவர் ஸ்டோரில் கூலி கொடுத்துக் காத்திருக்க வேண்டும். காத்திருக்கிற காய்க்கு நிறம் போகும். நல்ல ஸ்டோரில் கழுவிய காயைத் தட்டில் ஓரடுக்காகப் பரப்பி, முதல் ஒன்றிரண்டு மணி நேரம் ஜன்னலைத் திறந்து ஆவியை வெளியே விடுவார்கள். ஆவி உள்ளே நின்றால் பச்சை பழுத்துப் பழுப்பாகிவிடும். பிறகு மூடி, 45 முதல் 50 டிகிரியில் ஒரு ராத்திரி, ஒரு பகல். சீக்கிரம் முடிய வேண்டும் என்று தீயைக் கூட்டினால் தோல் வெடிக்கும், எண்ணெய் போகும். கையில் அள்ளிக் குலுக்கினால் உள்ளே விதை கலகலக்க வேண்டும், அதுதான் பதம். சூடு ஆறுமுன் கம்பி வலையில் தேய்த்துக் காம்பையும் நுனியில் ஒட்டியிருக்கும் காய்ந்த பூவையும் எடுத்துவிட வேண்டும். ஏலச் சந்தையில் வியாபாரி கையில் இருப்பது மாதிரிக்காய் மட்டும்தான். நிறம், 8 மில்லிமீட்டர் காய் எவ்வளவு, ஒரு லிட்டர் அளவுக் காய் என்ன எடை. அதை வைத்துத்தான் கம்ப்யூட்டர் திரையில் விலை ஏறும். உன் மூன்று வருட உழைப்பையும் ஸ்டோர்க்காரன் ஒரு ராத்திரியில் பழுப்பாக்கிவிடுவான்.

விலையைப் பற்றிச் செல்லம் அக்கா மகன் உனக்கு என்ன ஓதினான் என்று எனக்குத் தெரியும். 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலச் சந்தையில் காய் கிலோ 7,000 ரூபாய்க்குப் போனது, உண்மை. வெள்ளமும் வறட்சியும் அடித்துக் காயே இல்லாததால் வந்த விலை அது. அன்றைக்கு யாரிடம் விற்கக் காய் இருந்தது? மூன்று வருடத்துக்குள் ஆயிரத்துக்கும் கீழே வந்தது. ஏலக்காய் விளைகிற இன்னொரு நாடான குவாத்தமாலாவில் நன்றாக விளைந்தாலும் இங்கே விலை இறங்கும். உன் கணக்கை ஆயிரம் ரூபாயில் போட்டுப் பார். உரம், மருந்து, உலர்த்துகூலி, கம்பத்திலிருந்து மலை ஏறி வருகிற ஆட்களுக்குச் சம்பளம், ஜீப் வாடகை, குத்தகை எல்லாம் போக மிச்சம் நின்றால் எடு. ஆள் சம்பளத்தில் கஞ்சத்தனம் காட்டாதே. ஜீப் அடுத்த தோட்டத்துக்குத் திரும்பிவிட்டால் உன் சுற்று ஒரு வாரம் தள்ளும். கறுத்த விதையோடு எடுக்க வேண்டிய காய் பழுத்துவிடும், பழுத்தது உலர்த்தும்போது வாய் பிளக்கும், மிச்சத்தை எலி தின்னும்.

பத்திரம்தான் கடைசி, ஆனால் அதை முதலில் பார். அந்த நிலம் பட்டாவா, ஏலம் பயிரிட மட்டும் அரசு குத்தகைக்குக் கொடுத்த பாட்டமா? பாட்டம் என்றால் ஏலச் சாகுபடியைத் தவிர வேறு எதற்கும் அதைப் பயன்படுத்த முடியாது. உன் ஓய்வுக்கால வீடு, மதினியின் பூந்தோட்டம் எல்லாம் கனவில்தான். மரம் வெட்டவும் அனுமதி வேண்டும். முன்னால் அவர் வெட்டியதற்கு வழக்கு வந்தால் தோட்டத்தில் நிற்பது நீ. வில்லேஜ் ஆபீசில் கரம் (நிலவரி) கட்டிய ரசீதைக் கேட்டு வாங்கி எனக்கு ஒரு நகல் அனுப்பு. மலையாளத்தில்தான் இருக்கும், நான் படித்துச் சொல்கிறேன்.

தரகரிடம் என் பெயரைச் சொல்லாதே. அவர் எங்களுக்குச் சம்பந்தி வழி.

அன்புடன்,
பாலு