சிவப்பு மைக்கு ஒரு நன்றி மடல்

அன்பும் மதிப்பும் மிக்க நண்பர்களுக்கு,

அன்றிரவு என் குறிப்புகளும் நகல்களும் இருந்த பெட்டி நனைந்து பாழானதை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். அதை மீண்டும் விரித்தெழுதி உங்களையும் என்னையும் நோகடிக்கப் போவதில்லை. இந்திய விமானப்படையின் 12-ஆம் ஸ்குவாட்ரன் என்ற விமான அணியைப் பற்றி நான் எழுதிவந்த வரலாறு அத்தோடு முடிந்தது என்று நானே அறிவித்திருந்தேன். அந்த அறிவிப்பைத் திரும்பப் பெறவைத்தவர்கள் நீங்கள். மனம் இன்னும் நிதானத்துக்கு வராத நிலையில் எழுதுகிறேன் என்பதால், சொற்கள் முன்பின்னாக இருந்தால் பொறுத்தருள வேண்டும்.

ஈரத்தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து உலர்த்தித் தந்தவர்களுக்கும், பரணிலிருந்து நகல்களைத் தேடியெடுத்து அனுப்பியவர்களுக்கும், 1945 டிசம்பரில், இன்று பாகிஸ்தானில் உள்ள கோஹாட்டில் ஸ்பிட்ஃபயர் போர் விமானங்களோடு பிறந்த அணி மறு ஆண்டே டகோட்டா சரக்கு விமானங்களுக்கு மாறிப் போக்குவரத்து அணியான கதையை முழுவதுமாகத் தட்டச்சு செய்துகொடுத்தவர்களுக்கும், பின்னாளில் 'பாக்கெட்' என்ற சரக்கு விமானங்கள் அணிக்கு வந்த ஆண்டு 1954 என்று என் பிழையைத் திருத்தியவர்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. தனித்தனியே எழுதத் தொடங்கினால் மடல் நூலாகிவிடும்.

ஆயினும் ஒருவரைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தம் பெயரை வெளியிட வேண்டாம் என்று அந்த அம்மையார் கேட்டுக்கொண்டார். அவருடைய தந்தை டகோட்டாவில் வயர்லெஸ் ஆபரேட்டராகப் பறந்தவர். மகளிடம் எஞ்சியிருப்பது அவர் தம் பறப்புகளைப் பதிந்துவைத்த லாக் புக் ஒன்றுதான். அதைத் தபாலில் அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. எனக்கு நேர்ந்ததைக் கேள்விப்பட்ட பிறகு யாருக்குத்தான் வரும்? அதனால் தொலைபேசியிலேயே படித்துச் சொல்கிறேன் என்றார். அவருக்கு ஆங்கில எழுத்துகள் தெரியும், சேர்த்துப் படிக்க வராது. ஆகவே ஒவ்வொரு கட்டத்தையும் எழுத்தெழுத்தாகச் சொன்னார். "பி, ஓ, ஓ, என், சி, எச்" என்று அவர் நிறுத்தி நிறுத்திச் சொல்ல, நான் இந்த முனையில் 'பூஞ்ச்' என்று எழுதிக்கொண்டேன். வெற்றுக் கட்டங்களைக்கூட அவர் விடவில்லை. "இதிலே ஒண்ணும் இல்லை, கோடு மட்டும் போட்டிருக்கார்" என்பார்.

காஷ்மீர்ப் போரின் தொடக்கத்தில், 1947 அக்டோபர் 27 அன்று சீக்கியப் படையினரை ஸ்ரீநகரில் கொண்டுபோய் இறக்கிய காலையையோ, 1948 மே 24 அன்று ஏர் கமடோர் மெஹர் சிங் ஜெனரல் திம்மய்யாவை ஏற்றிக்கொண்டு லடாக்கின் லே நகரில் தரையிறங்கியதையோ யார் வேண்டுமானாலும் மறுபடி எழுதிவிடலாம். பல நூல்களில் இருக்கின்றன. எனக்குப் பறிபோனது காஷ்மீரின் பூஞ்ச் நகரைப் பற்றிய அத்தியாயம். முற்றுகையிடப்பட்ட அந்த ஊருக்கு மூன்று புறமும் நீரோடைகள் சூழ்ந்த சிறு ஓடுபாதையில் உணவும் வெடிபொருளும் கொண்டுபோய், திரும்பும்போது அகதிகளை ஏற்றிவந்த நடைகளின் பட்டியலைத்தான் நான் பல ஆண்டுகளாகச் சேர்த்துவைத்திருந்தேன்.

இரண்டாம் நாள் இரவு, 1948 மார்ச் மாதப் பக்கத்தில், அவர் சற்றுத் தயங்கிவிட்டு, "தம்பி, இந்த வரி மட்டும் சிவப்பு மையிலே இருக்கு. அதையும் சொல்லணுமா?" என்று கேட்டார்.

எனக்கு ஒரு கணம் பேச்சு வரவில்லை. இரவுப் பறப்பைச் சிவப்பு மையில் பதிவது அக்கால வழக்கம். நான் சேர்த்திருந்த பட்டியலோ நகல்களைப் பார்த்து எழுதியது. கறுப்பு வெள்ளை நகலில் சிவப்பும் நீலமும் ஒன்றுதான். தேதியும் மொத்த நேரமும் இருந்தனவே தவிர, எது பகல், எது இரவு என்பது அதில் இல்லை. அந்த மாதம் எதிரியின் பீரங்கி பகலில் ஓடுபாதையைக் குறிவைத்துச் சுட்டதால், 25 பவுண்டர் பீரங்கிகளைச் சுமந்த டகோட்டாக்கள் எண்ணெய் விளக்குகளின் வெளிச்சத்தை நம்பி இருட்டில் இறங்கின என்று நான் படித்திருக்கிறேன், எழுதியும் இருக்கிறேன். ஆனால் ஒரே இரவில் இரண்டு முறை போய்வந்த ஒருவர், மறுநாள் பேனாவை மாற்றி எழுதிய வரியை அன்றுதான் முதன்முறையாகக் கேட்டேன். அந்த அம்மையார் கேட்காமல் விட்டிருந்தால், இழந்ததை அதே குறையோடு திரும்ப எழுதியிருப்பேன்.

அதன்பின் ஒவ்வொரு வரிக்கும் முன்பாக "நீலம்", "சிவப்பு" என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்கினார். பணி என்ற கட்டத்தில் ஓரிடத்தில் "பி, ஓ, எம், பி" என்று அவர் சொன்னபோது, தவறாகப் படிக்கிறாரோ என்று ஐயப்பட்டு மறுபடி கேட்டேன், சரியாகத்தான் படித்திருந்தார். சரக்குக் கதவு வழியாகக் குண்டுகளை உருட்டிவிட்டு டகோட்டாவையே குண்டுவீச்சு விமானமாக்கிய இரவுகளும் அந்தப் போரில் உண்டு.

இனி என்னிடம் வரும் எந்தப் பதிவையும் மையின் நிறத்தைக் குறிக்காமல் படியெடுக்க மாட்டேன்; ஏற்கெனவே நகல் அனுப்பியவர்களிடமும் மூலத்தை ஒருமுறை பார்த்து நிறத்தைச் சொல்லும்படி கேட்கப்போகிறேன். தொந்தரவுக்கு முன்கூட்டியே மன்னிப்பு.

லாக் புக்கில் இன்னும் பதினொரு பக்கங்கள் இருக்கின்றன. இன்றிரவு எட்டரை மணிக்கு அழைப்பதாக அம்மையார் சொல்லியிருக்கிறார். இரண்டு பேனாக்களை எடுத்து வைத்திருக்கிறேன்.

நன்றியுடன்,
உங்கள் நண்பன்