நீலக் கிழவர் பொய் சொல்லவில்லை, மச்சான்

மச்சான்,

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது, பதில் போடவில்லை என்று கோபிக்காதே. அம்மா தென் லண்டன் கோலியர்ஸ் வூட் வீட்டை விட்டு அக்காவோடு இருக்கப் போகிறா. சாமான்களை ஒதுக்குவதற்காக ஆறு சனி ஞாயிறு தொடர்ந்து போய்வந்தேன். நாற்பது வருசத்துக் குப்பை. எங்கள் அம்மா ஐஸ்கிறீம் டப்பா ஒன்றைக்கூட எறிந்ததில்லை என்பது உனக்குத் தெரியும்தானே. கூரைக்குக் கீழே உன் கிரிக்கெட் மட்டை கிடந்தது. கைப்பிடி ரப்பர் உருகிப் பிசின் மாதிரி ஆகி, தொட்ட கையில் ஒட்டிக்கொண்டது. எறியவில்லை, பத்திரமாக வைத்திருக்கிறேன், வந்து எடுத்துக்கொள்.

ஆனால் நான் எழுத நினைத்தது வேறு. நீலக் கிழவரை ஞாபகம் இருக்கிறதா?

அவருக்கு அந்தப் பெயரை வைத்தது நீதான். பக்கத்து வீடு, பின்வளவில் வேலி, அந்தப் பக்கம் அவருடைய அவரைக் கொடி, இந்தப் பக்கம் அம்மா காயப்போட்ட சேலைகள். பதினாலு வயதில் வாண்டில் ஆற்றங்கரையில் துணிக்குச் சாயம் போடும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தவர். முதலில் துணிக்கு வடிவம் வரைந்து பேர்பெற்ற வில்லியம் மொரிஸ் தொடங்கிய பட்டறையில், அது 1940இல் மூடிய பிறகு, யுத்தமெல்லாம் முடிந்து, லிபர்டி என்ற பெரிய லண்டன் கடைக்காரர்களின் அச்சுக்கூடத்தில். எங்களைக் கண்டால் விடமாட்டார், கதை சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் சொன்னதில் இரண்டை நாங்கள் கடைசிவரை நம்பவில்லை. ஒன்று, இந்த ஆறு ஒரு நாள் நீலமாகவும் இன்னொரு நாள் சிவப்பாகவும் ஓடியது என்பது. மற்றது, துணியைத் தொட்டியிலிருந்து எடுக்கும்போது பச்சையாக இருக்கும், பார்த்துக்கொண்டிருக்கவே நீலமாக மாறிவிடும் என்பது. நீ முகத்தை அப்பாவி மாதிரி வைத்துக்கொண்டு, "அப்ப புதன்கிழமை என்ன நிறம்?" என்று கேட்டாய். அவருக்கு விளங்கிவிட்டது. ஒரு கிழமை எங்களோடு கதைக்கவில்லை.

இரண்டும் உண்மை, மச்சான்.

இரண்டாவது சனிக்கிழமை, சாமான் ஒதுக்கி அலுத்துப்போய், மேர்ட்டன் அபி மில்ஸ் பக்கம் நடந்து போனேன். லிபர்டி அச்சுக்கூடம் இருந்த அதே இடம்தான். இப்போது கடைகள், ஒரு சின்ன நாடக அரங்கு, காப்பிக்கடை. தண்ணீர்ச் சக்கரம் இன்னும் சுற்றுகிறது, அதை ஒட்டிய சின்னக் கட்டடத்தில் ஒரு குயவர் மண்பாண்டம் செய்கிறார். நாங்கள் சின்னனில் அது மாவரைக்கும் சக்கரம் என்று நினைத்தோம். இல்லையாம், அச்சுப் போட்ட பட்டுத்துணியை ஆற்றுத் தண்ணீரில் அலசுவதற்கான சக்கரம். அலசிய தண்ணீர் எங்கே போகும்? ஆற்றுக்குத்தான். இந்த ஆறு குரொய்டன் பக்கத்தில் ஊற்றெடுத்து வடக்கே தேம்ஸில் போய்ச் சேர்கிறது, முழு நீளமும் ஒன்பது மைல்தான், ஆனால் அந்த ஒன்பது மைலுக்குள் ஆலைக்கு மேல் ஆலை. மாவாலை, மூக்குப்பொடி ஆலை, தோல் பதனிடுகிற இடம், சாயப்பட்டறை. அவரவர் தொட்டியைத் திறந்துவிட்ட நாளில் அவரவர் நிறத்தில் ஆறு ஓடியிருக்கிறது. 1960களில் அதிகாரிகளே இதைத் திறந்த சாக்கடை என்று எழுதி வைத்தார்களாம். நாங்கள் 84இல் வந்து பார்த்தபோது அது தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. அதனால்தான் கிழவரைப் பார்த்துச் சிரித்தோம்.

பச்சை நீலமாகிற கதைக்கு வருகிறேன். மொரிஸ் 1881இல் இங்கே வந்ததே இந்தத் தண்ணீர் சாயம் தோய்க்க ஏற்றது என்பதால். அவருக்கு அவுரி என்றால் பைத்தியம். அந்த மனிதர் தானே தொட்டிக்குள் கையை விட்டு விட்டு, முழங்கை வரை நீலமாகத் திரிந்திருக்கிறார். அவுரிச் சாயம் தொட்டிக்குள் நீலமாக இருக்காது. துணியை முக்கி எடுத்தால் மஞ்சளும் பச்சையுமாகத்தான் வரும், காற்றுப் பட்டவுடன்தான் நீலம் ஏறும். கிழவர் சொன்னது சொல்லுக்குச் சொல் சரி. அதற்குப் பிறகுதான் மொரிஸின் வித்தை: முழுத் துணியையும் நீலமாக்கிவிட்டு, பூ வரவேண்டிய இடத்தில் மட்டும் அச்சுக்கட்டையால் வெளுக்கும் மருந்தை வைத்து நீலத்தை எடுத்துவிடுவார்கள், அந்த வெள்ளையில் பிறகு சிவப்பு, மஞ்சள். பழம் திருடுகிற குருவிகள் போட்ட திரைச்சீலை ஒன்று உண்டே, உலகம் முழுக்கத் தேநீர்க் கோப்பையிலும் மேசைவிரிப்பிலும் இப்போது விற்கிறார்களே, அது 1883இல் இப்படித்தான் அச்சானது, எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில்.

அந்தக் காலத்தில் இங்கிலாந்துக்கு வந்த அவுரியில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்துதான் வந்தது. அது போக, ஆற்றங்கரையில் துணி அச்சடிக்கும் தொழில் பெருகினதே எங்கள் பக்கத்துத் துணியால்தான். சோழமண்டலக் கரையிலும் குஜராத்திலும் இருந்து வந்த பூப்போட்ட பருத்தித் துணிக்கு இங்கே பெண்கள் அடிபட, கம்பளி நெசவுக்காரர்கள் கலகம் பண்ண, 1701இல் இறக்குமதிக்குத் தடை, 1721இல் உடுத்தவே தடை. தடை போட்டால் ஆசை போகுமா? அதே மாதிரித் துணியை இங்கேயே அச்சடிக்கப் பழகினார்கள். ஏற்றுமதிக்கென்றால் அச்சடிக்கலாம், லினன் துணியென்றால் அச்சடிக்கலாம் என்று சட்டத்தில் ஆயிரம் ஓட்டை. பக்கத்து ஊர் மிச்சமும் (Mitcham) மேர்ட்டனும் அப்படித்தான் சாயப்பட்டறை ஊர்களாயின. ஆங்கிலத்தில் அந்தத் துணிக்குச் சின்ட்ஸ் என்று பெயர். அம்மம்மா சொல்லுவாவே "சீத்தைச் சேலை" என்று, அந்தச் சீத்தையும் இந்தச் சின்ட்ஸும் ஒரே சொல்லின் இரண்டு பிள்ளைகள்.

இதை வாசித்த அன்றுதான் ஒன்று பிடிபட்டது. கிழவர் ஒருநாள் வேலிக்கு மேலால் கையை நீட்டி, கொடியில் கிடந்த அம்மாவின் சேலைக் கரையைத் தூக்கி, உள்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். ஞாபகம் இருக்கா? அம்மா உள்ளே இருந்து கண்டுவிட்டு, "கிழட்டு மனுசனுக்குச் சேலையில் என்ன வேலை" என்று பொரிந்து தள்ளினா. நாங்களும் அவரை ஒரு மாதிரித்தான் பார்த்தோம். பாவம், அவர் சாயம் மறுபக்கம் எவ்வளவு ஊறியிருக்கிறது என்று பார்த்திருக்கிறார். கையச்சா, இயந்திர அச்சா என்று பார்த்திருக்கிறார். போன கிழமை அம்மாவிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கேட்டிருந்தால் எடுத்துக் காட்டியிருப்பேனே" என்றா.

சரி, அப்புறம் பேப்பர் போட்ட கதைக்கு வா. ஹார்டி ரோட், ஹமில்டன் ரோட், விக்டரி ரோட், ட்ரபல்கர் ரோட். காலை ஆறரை மணிக்கு அந்தப் பை தோளை அறுக்க அறுக்க நாங்கள் சுற்றிய தெருக்கள். மழையில் நனைந்த பேப்பருக்குக் கடைக்காரர் சம்பளத்தில் பிடித்துக்கொண்டதை நான் இன்னும் மறக்கவில்லை, அது வேறு. அந்தப் பெயர்களெல்லாம் யாரோ மாநகரசபைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு வைத்தவை என்றுதான் நினைத்திருந்தேன். அது நெல்சனின் வளவு, மச்சான்! கடற்படைத் தளபதி நெல்சன் 1801இல் அங்கே மேர்ட்டன் பிளேஸ் என்ற வீட்டை வாங்கி, எம்மா ஹமில்டனோடு குடியிருந்தார். எம்மாவின் கணவரும் அதே வீட்டில்தான் இருந்தார், ஊர் வாய் என்ன பாடுபட்டிருக்கும் என்று யோசித்துப் பார். வாண்டிலிலிருந்து ஒரு வாய்க்கால் தோட்டத்துக்குள் ஓடியது, நைல் நதிப் போரில் வென்றவர் என்பதால் அதற்கு நைல் என்றே பெயர் வைத்திருந்தார்கள். 1805 செப்டம்பர் 13 இரவு அந்த வீட்டிலிருந்து புறப்பட்டவர்தான், ஒக்டோபரில் ட்ரபல்கரில் செத்தார், திரும்பி வரவில்லை. வீட்டையும் 1820களில் இடித்துவிட்டார்கள். ஆக ஹமில்டன் ரோட்டில் உன்னை நாய் கடித்ததே, அது ஏறக்குறைய நெல்சனின் தோட்டத்தில்தான் நடந்தது. பிள்ளைகளுக்குச் சொல்லிப் பெருமைப்படலாம்.

நீ இருந்த மிச்சம் வீட்டுத் தெருவையும் விடுவானேன். லாவண்டர் அவெனியூ என்றதும் உன் அம்மா சோப்புப் பெயர் என்றுதான் நினைத்தா. அந்தப் பக்கமெல்லாம் உண்மையிலேயே லாவண்டர் வயல்கள். 1749இலிருந்து பொட்டர் அன்ட் மூர் என்ற கம்பனி அங்கே லாவண்டரும் மின்ட்டும் வடித்துத் தைலம் எடுத்திருக்கிறது. பிறகு வயல்களை வீடுகள் விழுங்கிவிட்டன. ஆனால் அந்த மின்ட் சாகவில்லை, பிளாக் மிச்சம் என்ற பெயரிலேயே அமெரிக்காவில் இன்னும் பயிராகிறது. மிச்சத்திலிருந்து அட்லாண்டிக்கைத் தாண்டியது நீ மட்டும் என்று நினைக்காதே.

அப்புறம் அந்தப் பெரிய குழி. 86, 87 அளவில் வேலித் தகரத்தின் ஓட்டைக்குள்ளால் பார்ப்போமே, ஆட்கள் தூரிகையால் எலும்பைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். நீ கொலை என்றாய், நான் யுத்தம் என்றேன். இரண்டும் இல்லை, அது துறவிமடத்தின் சுடலை. 1117இல் கட்டிய மேர்ட்டன் மடம். பிறகு கன்டபரிப் பேராயராகிக் கொல்லப்பட்ட தோமஸ் பெக்கட் சின்னனில் அங்கேதான் படித்தார். 1236இல் அரசனும் பிரபுக்களும் அங்கே கூடி எழுதியதுதான் மேர்ட்டன் சட்டம், சட்டம் படிக்கிற பிள்ளைகளுக்கு இன்றைக்கும் அந்தப் பெயர் தெரியும். 1538இல் எட்டாம் ஹென்றி மடத்தை இடித்து, கல்லையெல்லாம் வண்டியில் ஏற்றி நொன்சச் மாளிகை கட்டக் கொண்டுபோனார். நாங்கள் எட்டிப் பார்த்த குழியின் மேல் 1989இல் பெரிய ஸெயின்ஸ்பரி சூப்பர்மார்க்கெட் திறந்தது. அம்மா அங்கே முப்பது வருசம் கத்தரிக்காய் வாங்கினா.

மடத்துக்காரர்கள் கூடிப் பேசிய மண்டபத்தின் அத்திவாரம் மட்டும் தப்பியிருக்கிறது, எங்கே என்று சொல்லு பார்ப்போம்? மெரன்டன் வே என்ற பெரிய தெருவுக்குக் கீழே. ஞாயிற்றுக்கிழமை திறந்திருந்தது, போனேன். தலைக்கு மேலே கொங்கிறீட், காலுக்குக் கீழே இடுப்பளவுகூட இல்லாத கற்சுவர், சக்கிமுக்கிக் கல்லைச் சாந்தில் பதித்துக் கட்டியது. மேலே லொறி போகும்போதெல்லாம் ஒரு உறுமல் கூரைக்குள்ளால் நகர்ந்து போகிறது. அந்தத் தெருவில் எத்தனை ஆயிரம் தடவை போயிருப்போம், அந்த உறுமல்களில் ஒன்று எங்களுடையது.

எனக்குப் பெரிய கோபம் எதுவும் இல்லை, ஆனால் பள்ளிக்கூடத்தில் இதையெல்லாம் யாரும் வாய் திறந்து சொன்னதில்லை என்பது கொஞ்சம் உறுத்துகிறது. ரோமரும் எகிப்தியரும் படித்தோம். அந்த ரோமர் போட்ட தெருவிலேயேதான் பள்ளிக்கு நடந்தோம், ஸ்டேன் ஸ்ட்ரீட், லண்டனிலிருந்து சிசெஸ்டர் வரை, அது தெரியாது. ஒரு வகையில் எங்கள் பிழையும் இருக்கிறது. சரித்திரம் என்றால் அப்பா சொல்லுகிற யாழ்ப்பாணத்தில்தான் இருந்தது என்று நினைத்தோம். நல்லூர், சங்கிலியன், கோட்டை. அப்பா சொன்னதில் ஒரு சொல்லைக்கூட நாங்கள் சந்தேகப்படவில்லை. பக்கத்து ஊர் டூட்டிங்கைக் கடைசிவரை "ரூட்டிங்" என்றே எழுதினார், அது சரியான ஆங்கிலமில்லை என்று சொல்லக்கூட எங்களுக்கு மனம் வரவில்லை. பக்கத்து வீட்டுக் கிழவர் தான் வேலை செய்த இடத்தைப் பற்றிச் சொன்னபோது மட்டும் நக்கல்.

இதை உனக்கு ஏன் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன் என்றால், நேற்று சின்னவனையும் கூட்டிக்கொண்டு ஆற்றங்கரையில் நடந்தேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது, அடியில் பாசி சீவிவிட்ட தலைமயிர் மாதிரி அசைகிறது. ட்ரவுட் மீன் திரும்ப வந்துவிட்டது, கொக்கு நிற்கிறது. நான் பாலத்தடியைக் காட்டி, நானும் மாமாவும் இங்கே ஒரே நாளில் ஐந்து சூப்பர்மார்க்கெட் ட்ரொலி இழுத்து எடுத்தோம், தண்ணீர் அடி தெரியாது, நாற்றம் வயிற்றைக் குமட்டும் என்று சொன்னேன். அவன் தண்ணீரையும் பார்த்து, என்னையும் பார்த்து, சிரிக்காமல் கேட்டான், "ஆறா, அஞ்சா அப்பா?" அச்சொட்டாக நீ கிழவரிடம் கேட்ட அதே குரல்.

அந்த ட்ரொலிகளோடு எங்கள் அண்ணா எடுத்த படம் ஒன்று இருந்ததே, நீ முழங்கால் வரை சேற்றோடு, மேலே சட்டை இல்லாமல், ஒரு ட்ரொலிக்குள் உட்கார்ந்திருப்பாய். இங்கே எல்லாப் பெட்டியும் கிளறிவிட்டேன், இல்லை. உன்னிடம்தான் இருக்கவேண்டும். தேடி எடுத்து உடனே அனுப்பு, எனக்கு அவசரமாக வேண்டும்.

அம்மா உன் சீனி வருத்தம் இப்போது எப்படி என்று கேட்கச் சொன்னா.