செரிமானத்தைப் பற்றி எழுதும்போது பொறுப்பு வேண்டாமா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பத்திரிகையின் இணைப்பில் சில மாதங்களாக வரும் இயற்கை உணவுத் தொடரில், "அடுப்பில் ஏறிய உணவில் என்சைம்கள் செத்துவிடுகின்றன, அதனால் கணையம் தன் கையிருப்பைச் செலவழித்துக் களைத்துப்போகிறது" என்று சென்ற இதழில் ஒரு வரி வந்திருக்கிறது. நீங்களும் படித்துவிட்டுத்தானே அச்சுக்கு அனுப்பியிருப்பீர்கள்? மேல்நிலை வகுப்புகளுக்கு விலங்கியல் நடத்தி ஓய்வுபெற்றவள் நான். என்னால் அதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

என்சைம், அதாவது நொதி என்பது உடம்பில் நடக்கும் வேதிமாற்றங்களை விரைவாக்கும் புரதம். சூட்டில் செயலிழக்கும், உண்மைதான். ஆனால் பச்சையாகத் தின்றாலும் அது இரைப்பைக்குத்தானே போக வேண்டும்? அங்கே அமிலமும், புரதத்தைச் சிதைக்கும் பெப்சின் என்ற நொதியும் காத்திருக்கின்றன. மற்றப் புரதங்களைப் போலவே காய்கறியின் நொதிகளில் பெரும்பாலானவற்றையும் அவை சிதைத்துவிடும். மாவுச்சத்துக்கு அமைலேஸ், புரதத்துக்குப் பெப்சினும் டிரிப்சினும், கொழுப்புக்கு லிப்பேஸ் என்று வேண்டியதை நம் உடம்பே சுரந்துகொள்கிறது. பிறக்கும்போதே அளந்து வைத்த கையிருப்பு எதுவும் கணையத்தில் கிடையாது. சாப்பிட்ட புரதத்தின் அமினோ அமிலங்களைக் கொண்டு நாள்தோறும் புதிதாகச் செய்துகொள்கிறது. இந்தக் கையிருப்புக் கதை, எட்வர்ட் ஹோவெல் என்ற அமெரிக்க மருத்துவர் சென்ற நூற்றாண்டில் பரப்பியது. கணையம் உண்மையிலேயே பழுதானவர்களுக்கு மருத்துவர்கள் கொடுக்கும் என்சைம் மருந்தைக்கூட, இரைப்பை அமிலம் தாக்காதபடி பெரும்பாலும் மேற்பூச்சு போட்டுத்தான் தயாரிக்கிறார்கள். பூச்சில்லாத முட்டைக்கோசின் நொதி மட்டும் எப்படித் தப்பும்? பிளஸ் ஒன் பாடப்புத்தகத்தைப் புரட்டியிருந்தால் போதுமே ஐயா.

இதெல்லாம் ஏட்டுச் சண்டை என்று நினைக்காதீர்கள். என் அக்கா எழுபதைத் தாண்டியவர். பல்செட் வைத்திருக்கிறார், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். உங்கள் பத்திரிகையில் வந்தால் அவருக்கு அது வேதவாக்கு. இட்லியையும் சோற்றையும் விட்டுவிட்டு, ஊறவைத்த பயறும் துருவிய முட்டைக்கோசுமாகச் சாப்பிட ஆரம்பித்தார். சரியாக மெல்லவும் முடியாது. வயிறு உப்பி, ராத்திரியெல்லாம் ஏப்பம். "கழிவு வெளியேறும் அறிகுறி, பயப்பட வேண்டாம்" என்று அதே தொடரில் எழுதியிருந்ததால் யாரிடமும் சொல்லவில்லை. சோறு குறைந்தது, மாத்திரை குறையவில்லை. ஒருநாள் விடிகாலையில் உடுத்திய நைட்டி வியர்வையில் நனைந்திருக்க, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு பேச்சுக் குழறி நின்றார். குளுக்கோமீட்டரில் 48, சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கியிருந்தது. மருமகள் ஒரு டம்ளரில் சர்க்கரையைக் கரைத்துப் புகட்டியதால் பிழைத்தார். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சாப்பாட்டை மாற்றக்கூடாது என்று ஒரே ஒரு வரி எழுத அந்தத் தொடரில் இடமில்லாமல் போய்விட்டதா?

"கிழங்கானாலும் பயறானாலும் பச்சையே உத்தமம்" என்று வேறு எழுதியிருக்கிறார்கள். நாங்கள் குமரி மாவட்டத்துக்காரர்கள், மரச்சீனிக் கிழங்கு, அதாவது மரவள்ளி, தின்று வளர்ந்தவர்கள். பச்சைக் கிழங்கைக் கடித்து மென்றால், அதிலேயே இருக்கும் லினமரேஸ் என்ற நொதி லினமரின் என்ற பொருளை உடைத்து சயனைடு வெளிவர வழிசெய்கிறது. நீங்கள் கொண்டாடும் அதே நொதிதான்! எங்கள் அம்மா தோலைச் சீவி, துண்டு துண்டாக நறுக்கி, நிறையத் தண்ணீர் விட்டு, பானையை மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிய பிறகுதான் எங்களுக்கு ஒரு துண்டு தருவார். பள்ளிக்கூடம் போகாதவருக்குத் தெரிந்திருந்தது. வேகாத ராஜ்மாவைக் கொஞ்சம் தின்றாலே வாந்தி எடுக்க வைக்கும் லெக்டின் என்ற நச்சுப் புரதம் அதில் உண்டு. பச்சை சோயாவில் இருப்பதோ, நம் டிரிப்சினையே வேலை செய்யவிடாமல் தடுக்கும் பொருள். கொதிக்க வைத்தால்தான் இரண்டும் அடங்கும். 2011இல் ஜெர்மனியில் வெந்தய முளையில் வந்த கிருமியால் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகும் வயதானவர்களுக்கு முளைகட்டிய பயறைப் பச்சையாகச் சாப்பிடச் சொல்கிறீர்கள்.

முன்பு இதே இணைப்பில் வெறும் வயிற்றில் சுரைக்காய்ச் சாறு குடிக்கச் சொல்லியிருந்தீர்கள். கசந்தால் துப்பிவிட வேண்டும் என்ற எச்சரிக்கை அதில் இல்லை. கசக்கும் சுரைக்காயின் சாற்றைக் குடிக்கக்கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) அமைத்த நிபுணர் குழுவே சொல்லியிருக்கிறது. அதை எழுதி அப்போதே உங்களுக்குக் கடிதம் அனுப்பினேன். அது வரவில்லை. "அருமை, தொடரட்டும்" என்ற பாராட்டுக் கடிதங்கள்தான் வந்தன. டாக்டர் பதில்கள் பகுதியையும் நிறுத்திவிட்டீர்கள். அந்த இடத்தில் இப்போது என்சைம் பவுடர் விளம்பரம், அதுவும் இந்தத் தொடருக்கு எதிர்ப்பக்கத்தில். பச்சைக் காய்கறியே போதும் என்றால் அந்தப் பவுடர் எதற்கு?

பச்சைக் காய்கறிக்கு நான் விரோதியில்லை. வெள்ளரி, கொய்யா, சின்ன வெங்காயம் எல்லாம் எங்கள் வீட்டில் தினமும் உண்டு. வைட்டமின் சி சூட்டில் குறையும், பூண்டை நசுக்கிப் பச்சையாகச் சாப்பிட்டால் அதன் நொதியால் அல்லிசின் என்ற காரமான பொருள் கிடைக்கும், இதையெல்லாம் நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அதே நேரம் கேரட்டிலும் தக்காளியிலும் உள்ள நிறமிச் சத்து வெந்தால்தான் கூடுதலாகச் சேரும். பச்சை முட்டையின் புரதத்தில் பாதியளவுதான் செரிக்கும், வெந்தால் 90 சதவீதம். இரண்டையும் சேர்த்துச் சொல்வதில் பத்திரிகைக்கு என்ன நஷ்டம்? காலமெல்லாம் உங்கள் சமையல் குறிப்புகளைக் கத்தரித்து ஒட்டி வைத்தவர்களிடம் போய், நீங்கள் வீட்டாருக்கு ஆக்கிப் போட்டதெல்லாம் செத்த உணவு என்று சொல்வது எவ்வளவு வலிக்கும் என்று யோசித்தீர்களா?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில், அதே தொடரின் பக்கத்தில், மரச்சீனி, ராஜ்மா, சோயா மூன்றையும் பச்சையாகத் தின்னக்கூடாது என்றும், சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சாப்பாட்டை மாற்றக்கூடாது என்றும் ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். எழுத்து சிறிதாக இருந்தால் என் அக்கா போன்றவர்களால் படிக்க முடியாது. கட்டுரையின் அளவிலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை,
மார்த்தாண்டம்.